ஆர்பெஜியேட்டர் அடம்பிடித்தால்: மிடி எஃபெக்ட் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ரிவெர்பும் டிலேயும் சத்தத்தை வாங்கி வேலை செய்பவை. மிடி என்பது கீபோர்டும் கணினியும் கருவியும் கட்டளை பரிமாறும் மொழி. மிடி எஃபெக்ட் சத்தத்தைத் தொடுவதே இல்லை. 'இந்த நோட்டை இவ்வளவு அழுத்தத்தில் ஆரம்பி', 'இதை நிறுத்து' என்று கீபோர்டிலிருந்து கருவிக்குப் போகும் கட்டளையை நடுவழியில் மாற்றி அனுப்புவதுதான் அதன் வேலை. நோட் எண் 0 முதல் 127 வரை, வெலாசிட்டியும் (கீயை அடிக்கும் அழுத்தம்) அதே போல, சானல்கள் 16. 1983-ல் மிடி வந்தபோது வகுத்த இந்த வடிவத்தைத்தான் இன்றும் பெரும்பாலும் புழங்குகிறோம். அதனால் கோளாறு என்று வந்தால் 'சத்தம் ஏன் இப்படி' என்று யோசிப்பதைவிட, 'கட்டளை எந்த இடத்தில் என்னவாக மாறியது' என்று யோசித்தால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

ஏபிள்டன் லைவ் என்ற இசையமைப்பு மென்பொருளை வைத்தே சொல்கிறேன், தினமும் கை வைப்பது அதில்தான். லாஜிக், கியூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் எதுவானாலும் தர்க்கம் ஒன்றுதான், பெயர்கள்தான் மாறும்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை இது: எல்லா மிடி எஃபெக்ட்டையும் அணைத்துவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கீயை அழுத்திப் பாருங்கள். லைவில் இரண்டு எஃபெக்ட்டுக்கு நடுவே சின்னப் புள்ளிகளாக மிடி மீட்டர் மினுங்கும். எந்த இடத்துக்குப் பிறகு புள்ளி மினுங்கவில்லையோ அங்கேதான் கட்டளை நின்றுபோயிருக்கிறது.

கீயை அழுத்தினால் சத்தமே இல்லை

எஃபெக்ட் கருவிக்கு முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது வரம்பு. பிட்ச், வெலாசிட்டி ஆகியவற்றில் 'ரேஞ்ச்', 'லோயெஸ்ட்' என்று இரண்டு அமைப்புகள் உண்டு. பழைய ப்ராஜெக்டிலிருந்து இழுத்து வந்த எஃபெக்ட்டில் அந்த வரம்பு குறுகலாக இருந்தால், நீங்கள் வாசிக்கும் ஸ்தாயி அதற்கு வெளியே போயிருக்கும். வெலாசிட்டி எஃபெக்ட் 'கேட்' முறையில் இருந்தால் வரம்புக்கு வெளியே உள்ள அழுத்தத்தில் அடித்த நோட்டைக் கீழே போட்டுவிடும். மெதுவாக வாசித்தால் சத்தம் இல்லை, ஓங்கி அடித்தால் வருகிறது என்றால் காரணம் அதுதான்.

ஸ்தாயிப் பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 60-ஆம் எண் நோட்டை லைவ் சி3 என்கிறது, ரீப்பர் சி4 என்கிறது, எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்கிறது. யாரோ எழுதிய பாடக்குறிப்பில் 'சி4-க்கு மேலே' என்று பார்த்து அப்படியே அமைத்தால் ஒரு ஸ்தாயி தள்ளிப்போகும். சந்தேகம் வந்தால் பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள்.

தனியாக வாங்கிய ப்ளக்-இன் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல நோட்) போடுகிறது, பக்கத்தில் இருக்கும் சின்த் பேசவில்லை

மிடியை வெளியே அனுப்பும் விஎஸ்டி ப்ளக்-இன்னை (மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்) லைவ் கருவியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதே டிராக்கில் அதற்குப் பின்னால் சின்த்தை (ஒலியை உருவாக்கும் கருவி) வைக்க வழியில்லை. இரண்டாவது மிடி டிராக்கைத் திறந்து அதில் சின்த்தைப் போடுங்கள். 'மிடி ஃப்ரம்' பகுதியில் முதல் டிராக்கையும், அதற்குக் கீழே உள்ள பெட்டியில் அந்த ப்ளக்-இன்னின் பெயரையும் தேர்ந்து, மானிட்டரை 'இன்' என்று வையுங்கள்.

கார்ட் எஃபெக்ட் போட்டேன், பாதி கார்ட்கள் ராகத்துக்கு வெளியே நிற்கின்றன

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், நிதானமாகப் பார்க்கலாம்.

கார்ட் எஃபெக்ட்டில் +4, +7 அரைச்சுரம் என்று வைத்தால் அது எந்த நோட்டின் மேலும் மேஜர் கார்ட்தான் கட்டும். சி அழுத்தினால் சி-இ-ஜி, சரி. டி அழுத்தினால் டி-எஃப் ஷார்ப்-ஏ வரும். சி மேஜரில் எஃப் ஷார்ப்புக்கு இடமில்லை. வெளி நோட்டைப் பக்கத்து நோட்டுக்குத் திருப்பும் ஸ்கேல் எஃபெக்ட்டைக் கார்ட்டுக்கு முன்னால் வைத்திருப்பவர்களுக்கு இது புரியாத புதிராக இருக்கும்: 'ஸ்கேல் ஆன்தானே, ஏன் வெளி நோட் வருகிறது?' ஸ்கேல் தன்னிடம் வந்த டி-யைப் பார்த்தது, அது சரியான நோட், விட்டுவிட்டது. எஃப் ஷார்ப் பிறந்தது அதற்குப் பிறகு, கார்ட்டின் உள்ளே.

ஸ்கேலைக் கார்ட்டுக்குப் பின்னால் நகர்த்துங்கள். ஸ்கேலின் கட்டங்களில் ஐந்து கறுப்புக் கீகளையும் ஒரு படி கீழே இறக்கி வையுங்கள். இப்போது டி-யின் மேல் டி-எஃப்-ஏ, மைனர். இ-யின் மேல் ஜி ஷார்ப் ஜி ஆகி, இ-ஜி-பி, அதுவும் மைனர். பி-யின் மேல் பி-டி-எஃப், டிமினிஷ்ட். ஒற்றை விரலில் சி மேஜரின் ஏழு கார்ட்களும் அதனதன் இயல்போடு வந்துவிடும்.

இதையே மாயாமாளவகௌளைக்குச் செய்து பாருங்கள். சரளி வரிசை பாடியவர்களுக்கு அதன் சுரம் நாக்கிலேயே இருக்கும். சி-யை ஸட்ஜமாக வைத்தால் சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி. வெளியே நிற்கும் ஐந்தில் டி-யைச் சி ஷார்ப்புக்கும், டி ஷார்ப்பை இ-க்கும், எஃப் ஷார்ப்பை எஃப்-க்கும், ஏ-யை ஜி ஷார்ப்புக்கும், ஏ ஷார்ப்பைப் பி-க்கும் திருப்புங்கள். ஸ-வின் மேல் மேஜர், ரி-யின் மேல் மேஜர், ம-வின் மேல் மைனர், த-வின் மேல் ஆக்மென்டெட் என்று கார்ட்கள் வரும். ரி மேஜரிலிருந்து ஸ மேஜருக்கு இறங்கும் அந்த அரைச்சுர வழுக்கலை நீண்டு பரவும் ஒரு பேட் சத்தத்தில் கேட்டுப் பாருங்கள், எழுந்திருக்க மனம் வராது. ஆனால் நி-யின் மேல் நி-க-ம என்று வரும், க-வும் ம-வும் அரைச்சுர இடைவெளியில் உரசும். அது பிழையில்லை, அந்த ராகத்தில் நி-க்கு மேல் நிற்கக்கூடிய சாதாரண முக்கார்ட் கிடையாது. அந்த இடத்தில் மட்டும் கையால் இரண்டு நோட்டாக வாசிப்பதே நல்லது.

ஒன்றை மட்டும் ஸ்கேலால் செய்யவே முடியாது. ஏறும்போது ஒரு வழி, இறங்கும்போது வேறு வழி என்றுள்ள ராகம் அதற்குப் புரியாது. பிலஹரியில் ஆரோகணத்தில் ம-வும் நி-யும் கிடையாது, அவரோகணத்தில் உண்டு. ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியாகப் பார்க்கும் எஃபெக்ட்டுக்கு நீங்கள் ஏறுகிறீர்களா இறங்குகிறீர்களா என்று தெரிய வழியில்லை. அப்படிப்பட்ட ராகத்துக்கு ஸ்கேலை அணைத்துவிட்டுக் கையையே நம்புங்கள்.

ஸ்கேல் ஆன் செய்து வேகமாக வாசித்தால் சில நோட் பாதியில் அறுந்துபோகிறது

மேலே சொன்ன அதே அமைப்பில் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். விரல் சி ஷார்ப்பில் இருக்கிறது. சி ஷார்ப் 'ஆரம்பி' என்று கட்டளை போகிறது. அதை விடுவதற்குள் அடுத்த விரல் டி-யில் படுகிறது. ஸ்கேல் டி-யைச் சி ஷார்ப்பாக மாற்றுகிறது, மறுபடியும் சி ஷார்ப் 'ஆரம்பி'. இப்போது முதல் விரலை எடுக்கிறீர்கள். சி ஷார்ப் 'நிறுத்து' என்று போகிறது. எந்தச் சி ஷார்ப்பை நிறுத்துவது என்று சொல்ல மிடி கட்டளையில் இடமே இல்லை. பல சின்த்கள் ஒலித்துக்கொண்டிருக்கும் நோட்டையே நிறுத்திவிடும். இரண்டாவது விரல் கீயின் மேல் இருக்கிறது, சத்தம் இல்லை.

ராகத்தில் இல்லாத கீகளைப் பக்கத்து நோட்டுக்குத் திருப்பாமல் ஊமையாக்கிவிடுங்கள்: ஸ்கேலில் அந்தக் கீயின் நெடுவரிசைக் கட்டத்தைச் சொடுக்கி அணைத்தால் போதும். தவறிப்போய் விரல் பட்டால் சத்தம் வராது, ஒலிக்கிற நோட்டும் கெடாது. மெலடி வாசிக்கும் டிராக்குக்கு இது. கார்ட் கட்டும் டிராக்கில் திருப்பல் தேவை, ஊமையாக்கினால் கார்டில் ஓட்டை விழும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி ஸ்கேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்பெஜியோ தாளத்தை விட்டு நழுவுகிறது

ஆர்பெஜியேட்டர் என்பது பிடித்த கார்டை ஒவ்வொரு நோட்டாக ஓட்டும் எஃபெக்ட். அது நழுவுவது இரண்டு வெவ்வேறு விஷயம். ஒவ்வொரு நோட்டும் கொஞ்சம் தாமதமாக வருகிறதா? அப்படியானால் ஆர்பெஜியேட்டரைக் குறை சொல்ல வேண்டாம், ஆடியோ பஃபரைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் 11.6 மில்லி விநாடி, 128 என்றால் 2.9. மாஸ்டரில் தாமதம் கூட்டும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ ஏதாவது இருந்தால் வாசிக்கும்போது அணைத்து வையுங்கள்.

நோட்கள் கட்டத்தில் சரியாகத்தான் விழுகின்றன, ஆனால் பாரின் (ஒரு தாளச் சுற்றின்) முதல் தட்டில் ஒவ்வொரு முறையும் வேறு நோட் வருகிறது என்றால் அது கணக்கு. மூன்று நோட் கார்டைப் பதினாறாம் பங்கு வேகத்தில் 'அப்' பாணியில் ஓட விடுகிறீர்கள். ஒரு பாரில் 16 இடம். 16-ஐ 3-ஆல் வகுத்தால் 1 மிச்சம். முதல் பார் சி-யில் தொடங்கினால் இரண்டாவது பார் இ-யில், மூன்றாவது ஜி-யில் தொடங்கும். நான்காவது பாரில்தான் மறுபடி சி முதல் தட்டில் வந்து உட்காரும்.

இது வேண்டாம் என்றால் 'ரீட்ரிகர்' அமைப்பைப் 'பீட்' என்று மாற்றி ஒரு பார் கொடுங்கள், ஒவ்வொரு பாரிலும் முதல் நோட்டிலிருந்து எடுக்கும். கீ அழுத்தும்போதெல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால் 'நோட்'. பாணியை 'அப்டவுன்' ஆக்குவதும் ஒரு வழி. சி-இ-ஜி-இ என்று 4 தட்டுச் சுற்று ஆகிவிடும், 16-ல் அச்சாகப் பொருந்தும். 'அப் & டவுன்' என்று பக்கத்திலேயே இருப்பதைத் தவறிப்போய் எடுத்துவிடாதீர்கள். அது மேல் நோட்டையும் கீழ் நோட்டையும் இரண்டிரண்டு முறை வாசித்து 6 தட்டாகும், மறுபடி நழுவும்.

ஆனால் நான் பெரும்பாலும் ரீட்ரிகரை அணைத்தே வைப்பேன். மிருதங்கத்தில் சதுஸ்ர நடைக்குள் மும்மூன்றாக எடுத்துப் போய்ச் சமத்தில் வந்து சேர்வதை ரசிப்பவர்களுக்கு இந்த நழுவல் கோளாறாகவே படாது. ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. மூன்று நோட் ஆர்பெஜியோ சரியாக மூன்று ஆவர்த்தனத்தில் திரும்பி வரும், ஐந்து நோட் பிடித்தால் ஐந்து ஆவர்த்தனம். பாடலின் நீளத்தை இந்தக் கணக்கில் அமைத்தால், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விழும்.

கார்ட்டும் ஆர்பெஜியேட்டரும் சேர்ந்திருந்தால் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். கார்ட் முதலில் என்றால் ஒரு கீ அழுத்தினால் கார்ட் உதிரி உதிரியாக ஓடும். ஆர்பெஜியேட்டர் முதலில் என்றால் ஒவ்வொரு தட்டிலும் முழுக் கார்ட் விழும்.

ஆர்பெஜியோ குழைந்து சேறாகிறது

சஸ்டெயின் பெடல் அழுத்தியிருக்கிறதா? அந்தக் கட்டளை, சிசி 64, எஃபெக்ட்டைத் தாண்டிக் கருவிக்கே போய்விட்டால் ஒரு நோட்டும் அணையாது. பிடித்து வைக்க வேண்டுமென்றால் பெடலுக்குப் பதில் ஆர்பெஜியேட்டரின் 'ஹோல்ட்' பொத்தானைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஆர்பெஜியேட்டரின் 'கேட்' (நோட் ஒலிக்கும் நீளம்) 100 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதற்கு மேல் போனால் நோட்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். மோனோ சின்த்தில் கிளைடு ஆன் செய்து கேட்டை 120 என்று வைத்தால் அதே ஏறல்தான் வழுக்கிச் செல்லும் பேஸ் லைன் ஆகிறது.

கமகம் கொடுத்தால் சுருதி எங்கோ பறக்கிறது

பிட்ச் பெண்ட் சக்கரம் அனுப்புவது 0 முதல் 16383 வரை ஓர் எண், நடு 8192. அந்த எண்ணுக்கு எத்தனை அரைச்சுரம் என்று முடிவு செய்வது கருவி. ±2 அரைச்சுர அமைப்பில் பதிவு செய்த கமகத்தை ±12 வைத்திருக்கும் சின்த்துக்கு மாற்றினால் ஒவ்வொரு அசைவும் ஆறு மடங்காகும். புதுக் கருவியின் பெண்ட் ரேஞ்சைப் பழையதற்குச் சமமாக வையுங்கள்.

இன்னொன்று: ஸ்கேல் எஃபெக்ட் பெண்டைப் பார்ப்பதில்லை. நோட்டைத் திருத்திவிட்டுப் பெண்டை அப்படியே விட்டுவிடும். கார்ட் எஃபெக்ட் இருந்தால் இன்னும் மோசம், பெண்ட் ஒரு சானல் முழுமைக்கும் பொது என்பதால் மூன்று நோட்டும் ஒன்றாக ஆடும். மெலடியை எஃபெக்ட் இல்லாத ஒரு டிராக்கிலும், கார்டை இன்னொரு டிராக்கிலும் பிரித்து, கார்ட் டிராக்கின் கருவியில் பெண்ட் ரேஞ்சை 0 ஆக்குங்கள். எம்பிஇ வகைக் கீபோர்டு இருந்தால் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு நோட்டும் தனிச் சானலில் போவதால், ஒன்றை வளைத்தால் மற்றவை ஆடாது. லைவ் 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது.

நோட் நிற்க மாட்டேன் என்கிறது

'ஆரம்பி' போய்ச் சேர்ந்தது, 'நிறுத்து' போய்ச் சேரவில்லை. உடனடியாக வாயடைக்க, எஃப்எல் ஸ்டூடியோவில் கன்ட்ரோல் + ஹெச், மற்றவற்றில் கருவியை ஒருமுறை அணைத்து ஆன் செய்வது. பிறகு ஹோல்ட், பெடல் இரண்டையும் பாருங்கள். அடிக்கடி நடந்தால் வரிசையின் கடைசியில் 'நோட் லெங்த்' எஃபெக்ட்டைப் போடுங்கள். அது வரும் நிறுத்தத்துக்குக் காத்திராமல் தானே குறித்த நேரத்தில் நிறுத்தம் அனுப்பும்.

அதே நோட் லெங்த்தில் 'நோட் ஆஃப்' என்று ஒரு முறை இருக்கிறது. கீயை எடுக்கும்போது சத்தம் வரும். ராக்கில் (பல கருவிகளை ஒன்றாக அடுக்கும் பெட்டி) இரண்டு செயின் வைத்து, ஒன்றில் வீணை மீட்டு, இன்னொன்றில் நோட் ஆஃப் முறையில் மெல்லிய மூச்சுச் சத்தம் வைத்தால், விரல் எடுக்கும் ஒவ்வொரு தருணமும் கேட்கும்.

ஹார்டுவேர் சின்த்தில் ஒரு கீக்கு இரண்டு சத்தம்

சின்த்தின் கீகளை அதன் சத்தத்தோடு நேராக இணைக்கும் 'லோக்கல் கன்ட்ரோல்' அமைப்பை ஆஃப் செய்யுங்கள்.

டிரம் ராக்கில் எஃபெக்ட் போட்டதும் தாளமே மாறிப்போகிறது

டிரம் ராக்கில் நோட் எண் என்பது சுருதியில்லை, எந்தப் பேட் என்பதற்கான முகவரி. பொது மிடி வரிசையில் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட். முன்னால் பிட்ச் எஃபெக்ட்டில் +2 வைத்தால் கிக் அடிக்க வேண்டிய இடத்தில் ஸ்நேர் அடிக்கும். ஸ்கேல் வைத்தால் எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

எஃபெக்ட்டை ராக்குக்கு வெளியே வைக்காமல், அந்தந்தப் பேடின் செயினுக்குள் சாம்பிளருக்கு முன்னால் வையுங்கள். ஹை-ஹாட் செயினுக்குள் முப்பத்திரண்டாம் பங்கு ஆர்பெஜியேட்டர் போட்டு, அதன் வெலாசிட்டி டிகேயையும் ஆன் செய்தால், ஒரு நோட்டை நீட்டிப் பிடிக்கும் நேரமெல்லாம் தேய்ந்துகொண்டே போகும் உருட்டு கிடைக்கும். எல்லா அடியும் ஒரே அழுத்தத்தில் இயந்திரம் போலக் கேட்டால் அதே இடத்தில் வெலாசிட்டி எஃபெக்ட், ரேண்டம் 12, 'அவுட் ஹை' (வெளியே போகும் உச்ச அழுத்தம்) 105. அவுட் ஹையைக் குறைக்காமல் ரேண்டத்தை மட்டும் ஏற்றினால் ஓங்கிய அடிகள் எல்லாம் 127-ல் முட்டி நின்றுவிடும், மறுபடி இயந்திரம்தான்.

நேற்றுக் கேட்டது இன்று வரவில்லை

ரேண்டம் எஃபெக்ட் உள்ள ப்ராஜெக்ட் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக வாசிக்கும். ஒரு குறும்படத்துக்கு இசை செய்தபோது இதைக் கற்றுக்கொண்டேன். 'சான்ஸ்' 30, 'சாய்ஸஸ்' 1, படியின் அளவு 12 என்று வைத்திருந்தேன், பத்தில் மூன்று நோட் ஒரு ஸ்தாயி மேலே துள்ளும். இயக்குநர் முதலில் அனுப்பிய கோப்பைக் கேட்டுவிட்டு, நாயகி கதவைத் திறக்கும் இடத்தில் ஒரு நோட் மேலே போகிறதே, அதைத் தொடவே வேண்டாம் என்றார். படத்தொகுப்பில் இரண்டு விநாடி குறைந்தது, மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன். அந்தத் துள்ளல் இல்லை. எத்தனை முறை ஓட்டியும் அதே இடத்தில் வரவில்லை. பழைய ஆடியோவை வெட்டி ஒட்டித்தான் முடித்தேன்.

கிளிப்பில் இருப்பது நீங்கள் வாசித்த நோட், எஃபெக்ட் மாற்றிய நோட் அதில் எழுதப்படுவதில்லை. அதனால் எஃபெக்ட்களை மட்டும் ஒரு டிராக்கிலும், கருவியை அடுத்த டிராக்கிலும் வையுங்கள். இரண்டாவது டிராக்கின் 'மிடி ஃப்ரம்' முதல் டிராக், கீழே 'போஸ்ட் எஃப்எக்ஸ்'. இரண்டாவதை ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), முதல் டிராக்கின் கிளிப்பை ஓட விட்டு, நாலைந்து நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். கியூபேஸில் 'மெர்ஜ் மிடி இன் லூப்' கட்டளையில் 'இன்க்ளூட் இன்சர்ட்ஸ்' குறியிட்டால் இதே வேலை நடக்கும். பதிவானதும் முதல் டிராக்கை நிறுத்திவிடுங்கள், மறந்தால் நோட்கள் இரட்டிப்பாகும்.

பிறகு அந்த நீண்ட பதிவை உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பகுதி சாதாரணமாகத்தான் இருக்கும். எங்காவது ஓரிடத்தில், நீங்கள் யோசித்திருக்கவே முடியாத ஒரு திருப்பம் இரண்டு பாருக்கு வந்து போகும். அதை மட்டும் வெட்டி எடுத்துப் பெயர் வைத்துச் சேமியுங்கள், நோட்டாகவே இருப்பதால் எந்த ராகத்துக்கும் எந்தக் கருவிக்கும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.